மைனஸ் இரண்டு

லினெட் பாஸ்க் வேலை பார்க்கும் கிடங்கில்
ஆண்டு முழுதும் மைனஸ் இருபத்தைந்து.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில், தகரக் கூரைக்கடியில்,
மீன்கள் செங்கல் செங்கலாய் அடுக்கியிருக்கும்.
நடுவில் ஃபோர்க்லிஃப்டில் போவாள், வருவாள்.
மூக்குமயிர் உறைந்து முள்ளாய்க் குத்தும்.
பழகிவிட்டது.

பழகாதது இது:
ஏப்ரல் பதினேழு, இரவு பத்தேகால்,
வானொலியில் ஒரு குரல்
அக்கறையே இல்லாமல் சொல்கிறது
விடியலில் மைனஸ் இரண்டு என்று.

பின்கதவைத் திறந்தால் நான்கு கல்பாவிய தளம்.
அதில் அரைப் பீப்பாய்.
பீப்பாயில் பிளம் மரம்.
மரம் என்பது அவள் சொல்வது,
அவள் தோளுக்குக்கூட வராது.
குள்ள வேரில் ஒட்டுக்கட்டிய இனம்.
இதற்கு மேல் வளரமாட்டேன் என்று
எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததுபோல் நிற்கும்.

வாடகை வீடு.
காலி செய்யச் சொன்னால்
தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான்
தொட்டியில் வைத்தாள்.
மண் நிரப்பி, தண்ணீர் விட்ட பிறகு
நாளெல்லாம் ஒன்றரை டன் தூக்குகிறவள்
பீப்பாயைக் கட்டிப்பிடித்து முக்கிப் பார்த்தாள்.
அது இருந்த இடத்தில் இருந்தது.

முதல் வருடம் தண்ணீர் அதிகம்.
இரண்டாம் வருடம் குறைவு.
மூன்றாம் வருடம், கேட்காதீர்கள்.
பனிக்காலத்தில் கிளை வெட்டக்கூடாது என்று
யாரும் சொல்லவில்லை, வெட்டினாள்.
கோடையில் ஒரு கிளையின் இலைகள் மட்டும்
வெள்ளி பூசியதுபோல் மின்னின.
எவ்வளவு அழகு என்று
படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள்.
அது நோய் என்று தெரிந்தபோது
தங்கை அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

இந்த வருடம் பூ.
நூற்றுப் பதினொன்று வரை எண்ணினாள்,
அதற்குள் காற்று குழப்பிவிட்டது.
கடற்காற்றுக்குப் பயந்து தேனீ வரவில்லை.
யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய
கன்னப்பொடித் தூரிகையை எடுத்துக்கொண்டு
பூவுக்குப் பூ போய்ச் சிபாரிசு செய்தாள்.

இப்போது, மைனஸ் இரண்டு.
கடைகள் மூடியாயிற்று.
படுக்கை விரிப்பு ஈரம்.
கொக்கியில் தொங்குகிறது கம்பெனி கொடுத்த சட்டை:
ஆரஞ்சு நிறம், இருட்டில் ஒளிரும் பட்டைகள்,
நெஞ்சில் அவள் பெயர் தைத்தது.

மரத்துக்குப் போட்டுவிட்டாள்.
கைகளில் நுழைக்கக் கிளை இல்லை,
அவை சும்மா தொங்கின.
தலைமூடியை உச்சிக் கொம்பில் மாட்டி
ஜிப்பைப் பாதிவரை இழுத்தாள்,
மேலே இழுத்தால் பூ உதிருமே.

ஐந்து மணி ஷிப்டில்
இரண்டு ஸ்வெட்டரோடு வந்தவளை மேற்பார்வையாளர் நிறுத்தினார்.
சட்டை எங்கே?
வீட்டில் ஒருத்தருக்குக் குளிர்.
யாருக்கு?
ஒருத்தருக்கு.

ஐந்தே முக்காலுக்கு
இரவு டாக்ஸி ஓட்டிவிட்டு வந்த டெர்மட் சாலிஸ்
சுவருக்கு மேலாக ஆரஞ்சுத் தலையைப் பார்த்து
காலை வணக்கம் லினெட் என்றார்.
பதில் இல்லை.
கொஞ்சம் நின்று பார்த்தார்.
அன்று மதியம் கதவைத் தட்டி
குப்பைத் தொட்டி விஷயத்தில்
தன் பக்கம்தான் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

ஜூனில் மரமே பாதிக் காயைக் கொட்டியது.
மீதியில் பாதியை அவள் கிள்ளினாள்,
மனசில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
குளவிக்கு இரண்டு போயிற்று.
ஆகஸ்ட் கடைசியில் ஒன்பது பழம்.
நான்கு தங்கைக்கு. ஒன்று சாலிஸுக்கு,
காரணம் சொல்லாமல்.
மூன்றைப் பின்வாசலில் நின்றபடியே தின்றாள்,
சாறு முழங்கைவரை ஓடியது.

கடைசி ஒன்றைச் சட்டைப்பையில் மறந்து
கிடங்குக்குள் கொண்டுபோய்விட்டாள்.
இடைவேளையில் கைவிட்டால்
கருநீலக் கல்.
மேசையில் தட்டினாள், டக்.
தேநீர்க் குவளை வாயில் உட்காரவைத்தாள்.
தோல் மேலே வெண்பனி மாவாய்ப் பூத்தது.
கால் மணிநேரம்தான் இடைவேளை.
தேநீர் ஆறியது, பழம் இளகவில்லை.

மணி அடித்ததும்
அதை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டாள்,
இம்முறை உள்பையில்,
உடம்பை ஒட்டி.